கார்டில் பெய்த மழை

சென்னை
11-7-1949

நைனாவுக்கும் அம்மாவுக்கும் வேதாசலம் வணங்கி எழுதுவது. நான் இங்கே சுகம். நைனாவின் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? வள்ளிநாயகி இதைப் படித்துக் காட்டும்போது தன் சரக்கைச் சேர்க்காமல், எழுதியிருப்பதை மட்டும் படிக்க வேண்டியது.

துறைமுகத்தில் எனக்குக் கொடிமரத்து வேலை கிடைத்திருக்கிறது. கடலில் புயல் உண்டானால் ஆபீசிலிருந்து நம்பர் சொல்வார்கள். அந்த நம்பருக்கு உண்டான கூண்டை நாங்கள் கயிறு கட்டி மேலே ஏற்ற வேண்டும். அதைப் பார்த்துத்தான் கப்பல்காரர்களும் மீன் பிடிக்கிறவர்களும் நடந்துகொள்வார்கள். இப்போதைக்கு நான் தற்காலிகம். தை மாதம் வரை ஒரு நாளும் தவறாமல் வந்தால் நிரந்தரம் செய்வதாக மேஸ்திரி வாக்குக் கொடுத்திருக்கிறார்.

ஆனால் ஒன்று. போன வருஷம் போல இந்த வருஷமும் மழை ஏமாற்றினால் நைனா ஒற்றை ஆளாகக் கிணற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம். வேலையை விட்டுவிட்டு நான் வந்துவிடுகிறேன். ஆடி பிறந்ததும் கடலை விதைத்தாயிற்றா, மழை ஈரம் மண்ணில் எத்தனை உழவு இறங்கியது என்று உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லவும்.

இப்படிக்கு,
வேதாசலம்

*

மேலத்தாங்கல், திருத்தணி வழி
26-7-1949

கூண்டேற்றும் அண்ணாவுக்கு, எந்தக் கூண்டுக்கும் அடங்காத தங்கை வள்ளிநாயகி எழுதிக்கொண்டது. இங்கே நைனா, அம்மா, நான், மாடுகள் இரண்டு, எல்லாரும் சுகம். மாடுகள் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொல்லின.

உன் கடிதத்தைப் படித்த நாள் முதல் ஊரில் உன் மதிப்பு ஏறிவிட்டது. நீ கூண்டு ஏற்றுவதால்தான் புயலே வருகிறது என்று எதிர்வீட்டு வேடியப்பன் மாமா முடிவு கட்டிவிட்டார். "நம்ம வேதாசலம்தானே ஏத்தறான்? பெரிய கூண்டா பாத்து ஒண்ணு ஏத்தச் சொல்லும்மே. மேஸ்திரி கேட்டா கை தவறிப் போச்சுன்னு சொல்லிடட்டும்" என்கிறார். தினம் வந்து பதில் வந்ததா என்று கேட்கிறார்.

ஆனால் இந்தத் தடவை உனக்குச் சிரமம் இல்லை. போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் நகரி மலைப் பக்கம் கறுத்தது. தெலுங்கில் இடித்துத் தமிழில் பெய்தது. நைனா கையை மண்ணில் விட்டுப் பார்த்து, ஒன்றரை உழவு என்றார். மறுநாளே ஏர் கட்டி மேட்டுக்கொல்லை முழுவதும் கடலை போட்டாயிற்று. ஆகையால் நீ அங்கே கூண்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இரு. இங்கே மாட்டுக் கயிற்றை நைனா பிடித்துக்கொள்வார்.

நைனாவின் இடுப்பு தேவலை. ராத்திரியில் ஈரத் துணியோடு தூங்காதே என்று அம்மா சொல்லச் சொன்னாள்.

உன் தங்கை,
வள்ளிநாயகி

*

மேலத்தாங்கல்
26-7-1949

பொதட்டூர்பேட்டை அக்கா ஜெயம்மாளுக்கு வள்ளி எழுதுவது. பாவா சுகமா? குழந்தைக்குப் பல் முளைத்ததா? முளைத்தால் முதலில் பாவாவைக் கடிக்கச் சொல்.

அக்கா, இன்றைக்கு நான் ஒன்றரை உழவு மழை பெய்தேன். எல்லாம் அண்ணாவுக்கு எழுதிய கார்டில். வாசலில் மண் அப்படியே சாம்பல் மாதிரி கிடக்கிறது. கிருத்திகைக்குக் காவடி எடுத்து வந்தவர்கள் நந்தி ஆற்றில் கால் நனைக்கத் தண்ணீர் இல்லாமல், மணலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மலை ஏறினார்கள். ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்களே, நாங்கள் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறோம். விதைக்கடலை மூட்டை பரணில் அப்படியே இருக்கிறது.

நானாக எழுதவில்லை. பேனாவை எடுத்து உட்கார்ந்ததும் நைனா சொன்னார்: "மழை பெய்ஞ்சுதுன்னு எழுதுமா."

"எங்க நைனா பெய்ஞ்சுது?"

"உனக்குத்தான் இட்டுக்கட்டத் தெரியுமே. எங்கயாவது பெய்ய வை. அவன் அங்க இருக்கட்டும். இங்க வந்து இன்னா பண்ணப் போறான், ரெண்டு பேரா சேந்து வானத்தைப் பாக்கவா?"

எனக்குக் குஷிதான். பொய் சொல்லி உதை வாங்கினவளுக்கு, பொய் சொல்லச் சொல்லி உத்தரவு! இடி, மின்னல் எல்லாம் போட்டு ஜோடித்துவிட்டேன். போஸ்ட்மேன் கார்டைப் படித்துவிட்டு, "எங்கம்மா பெய்ஞ்சுது?" என்று கேட்டார். "ஊர் பூரா பெய்ஞ்சுதுங்க, உங்க தலையில மட்டும்தான் பெய்யல" என்றேன். அவர் குடையை ஒரு தடவை பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

நீயும் அண்ணாவிடம் உளறிவிடாதே. தை பிறக்கிற வரைக்கும்தான்.

வள்ளி

*

சென்னை
2-9-1949

தங்கை வள்ளிநாயகிக்கு அண்ணா எழுதுவது. உங்கள் எல்லாருடைய சுகமும் அறிந்து சந்தோஷம். எனக்குக் கயிறு இழுத்துக் கை காய்ப்புக் காய்த்துவிட்டது, மற்றபடி சுகம்.

உன் கார்டை இங்கே எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். "உன் கொல்லையில பேயற மழை எங்க ஊர்ப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கலயே" என்று மேஸ்திரி அதிசயப்பட்டார். அவர் ஊர் செங்கல்பட்டுக்குப் பக்கம். அங்கே ஆடு மாடுகளைச் சந்தைக்கு ஓட்டுகிறார்களாம். கேட்கும்போது பயமாக இருக்கிறது. நம் கொல்லை பச்சையாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் ராத்திரி தூங்குகிறேன்.

களை எடுத்தாயிற்றா? பூ வைத்ததா? விழுது மண்ணில் இறங்குகிற சமயம் ஒரு மழை வேண்டுமே, அது பெய்ததா? விவரமாக எழுது. கவர் போட்டே எழுது, கார்டில் இடம் போதவில்லை.

வேதாசலம்

*

மேலத்தாங்கல்
22-9-1949

அண்ணாவுக்கு வள்ளி எழுதிக்கொண்டது. நைனா, அம்மா, நான் சுகம். உன் கைக் காய்ப்புக்கு விளக்கெண்ணெய் தடவச் சொல்லி அம்மாவின் வைத்தியம்.

ஆவணியில், ஆ, வா நீ என்று கூப்பிட்டோம், மழை வந்தது. ஒரு உழவுதான். விரோதி என்று பேர் வைத்த வருஷத்தில் இதுவே பெரிய உபகாரம். களை எடுத்தாயிற்று. பூ வைத்தது. விழுதும் இறங்கிவிட்டது. மஞ்சள் பூவைப் பார்த்தால் மேட்டுக்கொல்லை மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி இருக்கிறது. வடக்கு ஓரத்தில் மட்டும் வேடியப்பன் மாமாவின் ஆடு புகுந்து நாலு வரிசையை மேய்ந்துவிட்டது. நைனா போய்ச் சண்டை போட்டார். இப்போது இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை, ஆடு மட்டும் வந்து பேசிவிட்டுப் போகிறது.

நைனா மெலிந்துவிட்டாரா என்று கேட்காதே. வேலை அதிகம், அவ்வளவுதான்.

வள்ளி

*

மேலத்தாங்கல்
9-10-1949

அக்காவுக்கு வள்ளி எழுதுவது. பாவாவும் குழந்தையும் சுகம்தானே. நீ கொடுத்தனுப்பிய கேழ்வரகு வந்தது. அம்மா அதை முறத்தில் கொட்டிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஊருக்கு மேலத்தாங்கல் என்று யார் பேர் வைத்தார்களோ, சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். இதுக்கு மேல தாங்கல. ஏரியில் விரிசல் விழுந்து அதில் என் கை முழங்கை வரை போகிறது. வலது பக்கத்து மாட்டை ஆர்.கே.பேட்டை சந்தையில் விற்றாயிற்று. நைனா ரோட்டுக்கு ஜல்லி உடைக்கப் போகிறார். சாயங்காலம் வந்தால் புருவமெல்லாம் வெள்ளைப் பொடி. விதைக்கடலையை அம்மா கொஞ்சம் கொஞ்சமாக வறுக்க ஆரம்பித்து, மூட்டை தீர்ந்துவிட்டது. விதையை வறுத்தால் என்ன வாசனை தெரியுமா அக்கா? நல்ல வாசனை. அதுதான் கஷ்டம். மிச்சம் இருப்பது ஒரு பானைக் கொள்ளு. அதை மட்டும் தொடக்கூடாது, மழை வந்தால் கடைசியாகப் போடுவதற்கு அது ஒன்றுதான் என்று நைனா வாயைக் கட்டி வைத்திருக்கிறார். பானையின் வாயை, எங்கள் வாயை, இரண்டையும்.

போன வாரம் மழை வேண்டிக் கொடும்பாவி இழுத்தார்கள். வைக்கோல் பொம்மைக்கு முகம் எழுதும் வேலை எனக்குக் கிடைத்தது. மணியக்காரரின் மீசையை அப்படியே எழுதிவிட்டேன். தெருத்தெருவாக இழுத்துக்கொண்டு, மாரில் அடித்து ஒப்பாரி வைத்த பெண்கள் பாதியிலேயே சிரித்துவிட்டார்கள். அதனால்தான் மழை வரவில்லை என்று வேடியப்பன் மாமா சொல்கிறார். நைனா என்னைத் திட்டக்கூட இல்லை. திட்டுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்போல.

அண்ணாவுக்கு எழுதுவதுதான் பெரிய பாரமாகிவிட்டது. முதலில் விளையாட்டாக இருந்தது. இப்போது இல்லாத கொல்லைக்குத் தினம் நினைவில் போய்க் களை எடுக்கிறேன். எந்த வாரம் பூத்தது, எப்போது விழுது இறங்கியது என்று மறக்காமல் இருக்க வேண்டும். சந்தேகம் வராமல் இருக்க ஒரு ஆட்டை வேறு விட்டு மேய்த்தேன். ஐப்பசி பிறந்தால் கடலை பறிக்க வேண்டுமே, எதைப் பறிப்பது? பறித்த கடலையில் மேஸ்திரிக்கு ஒரு படி அனுப்பு என்று அண்ணா கேட்டால்?

என்ன செய்யட்டும், சொல்.

வள்ளி

*

பொதட்டூர்பேட்டை
14-10-1949

வள்ளிக்கு அக்கா ஆசீர்வாதம். இங்கே சுகம். குழந்தைக்குச் சளி. நூல் கிடைக்காமல் தெருவில் பாதித் தறி நின்றுவிட்டது, பாவாவின் வண்டிக்குச் சவாரி இல்லை. இனிமேல் கேழ்வரகு அனுப்ப முடியுமா தெரியாது.

நீயும் நைனாவும் சேர்ந்து செய்தது அழகாக இருக்கிறது. மழையை வரவழைக்கத் தெரிந்தவளுக்குப் பூச்சியை வரவழைக்கத் தெரியாதா? கம்பளிப்பூச்சி விழுந்து கொல்லை முழுக்க மொட்டையாகிவிட்டது என்று உடனே எழுது. அதற்காக வேலையை விட்டு ஓடி வராதே என்றும் எழுது. தீபாவளிக்குள் அந்தக் கடலையைக் கொன்றுவிடு. நாள் தள்ளினால் உனக்குத்தான் கஷ்டம்.

ஜெயம்மாள்

*

மேலத்தாங்கல்
19-10-1949

அக்காவுக்கு வள்ளி. குழந்தைக்குத் துளசிச் சாறு கொடுத்தாயா?

நீ சொன்னபடி எழுத உட்கார்ந்தேன். "கம்பளிப்பூச்சி" என்பது வரை எழுதிவிட்டேன். அதற்கு மேல் கை போகவில்லை. சிரிக்காதே. இந்த ஊரில் உருப்படியாக வளர்ந்திருப்பது அந்த ஒரு கொல்லைதான். ஐப்பசி வந்துவிட்டது, மாதத்தின் பேரிலேயே பசி இருக்கிறது. தீபாவளி கழியட்டும், கொன்றுவிடுகிறேன்.

வள்ளி

*

சென்னை
24-10-1949

நைனாவுக்கு வேதாசலம் அவசரமாக எழுதுவது. இன்று கூண்டு ஏறிவிட்டது. கடலில் பெரிய புயல். ஆபீசில் கேட்டேன், நம் பக்கம் மழை உறுதி என்கிறார்கள். கடலையை மண்ணில் விட்டால் அழுகிவிடும், இல்லாவிட்டால் முளைத்துவிடும். தெருவில் இருக்கிறவர்கள் எல்லாரையும் கூப்பிட்டுப் பறிக்கத் தொடங்கவும். நைனா ஒற்றை ஆளாக முடியாது. லீவு கேட்டேன், புயல் சமயத்தில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இருந்தாலும் நானும் ராத்திரி ரயிலில் புறப்பட்டு வருகிறேன்.

வேதாசலம்

*

மேலத்தாங்கல்
30-10-1949

அக்காவுக்கு வள்ளி எழுதுவது. இங்கே எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். அங்கே மழை எப்படி?

அண்ணாவின் கார்டுக்கு முன்னால் அண்ணா வந்துவிட்டார். செவ்வாய்க்கிழமை விடிந்ததும் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குக்கூட வராமல் நேரே மேட்டுக்கொல்லைக்குப் போயிருக்கிறார். தோளில் நாலு காலி கோணிப்பை. கடலை அள்ளுவதற்குத் துறைமுகத்திலிருந்து கேட்டு வாங்கி வந்தாராம். நைனா சம்மட்டியோடு ஜல்லி உடைக்கக் கிளம்பியவர், அந்த வழியாகப் போய்ப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார். கூழ்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போன நானும் நின்றுவிட்டேன்.

"நைனா, செடி எங்க?" என்றார் அண்ணா.

"பறிச்சாச்சுடா."

"எப்ப?"

"போன வாரம்."

"கொடி எங்க?"

"மாடு துன்னுடுச்சு."

"எந்த மாடு? வழியில பாத்தேன், ஒண்ணுதானே கட்டியிருக்குது."

நைனா சம்மட்டியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். அண்ணா என்னைப் பார்த்தார். "நீ சொல்லு வள்ளி." எப்போதும் நாக்கு நுனியில் எனக்கு நாலு பேச்சு இருக்கும், அக்கா. அன்றைக்கு உள்ளதைத்தான் சொன்னேன்.

"விதைக்கவே இல்லண்ணா. மழையே பெய்யல" என்றேன்.

"ஒன்றரை உழவுன்னியே?"

"அது நான் பெய்ஞ்சது."

அண்ணா கோணிப்பைகளைத் தரையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். என்னை அடிக்கவில்லை. சம்மட்டியையே பார்த்தபடி, "நீ இருக்கற வேலையை வுட்டுட்டு வந்துடுவியேன்னுதாண்டா" என்றார் நைனா. அதைச் சொல்லி முடிக்கும்போதுதான், அவன் விட்டுவிட்டுத்தானே வந்து உட்கார்ந்திருக்கிறான் என்பது அவருக்கு உறைத்தது. அவர் முகத்தை நான் உனக்கு எழுதமாட்டேன்.

அண்ணா எழுந்து காற்றைப் பார்த்தார். "கீழ்க்காத்து வந்துகினு கீது. வூட்ல இன்னா வெதை கீது நைனா?"

"ஒரு பானை கொள்ளு."

"புழுதியிலயே போட்டுடலாம். மழைக்கு முந்தி போட்டா முளைச்சுக்கும்."

நைனா யோசித்தார். மழை வராவிட்டால் பாதியை எறும்பும் மீதியைப் புறாவும் கொண்டுபோகும். அதற்குப் பிறகு பானையில் சமைக்கவும் ஒன்றும் இருக்காது. "கூண்டு ஏத்துனது யாரு?" என்று கேட்டார்.

"நான்தான்."

"உங் கையாலயா?"

"எங் கையாலதான் நைனா."

"அப்ப பானையைக் கொண்டாம்மா" என்றார் என்னிடம்.

வேடியப்பன் மாமாவே தன் மாட்டைக் கொண்டுவந்து நம் ஒற்றை மாட்டோடு பூட்டினார். "நான் அப்பவே சொன்னேன், ஏத்தறவன் நம்ம ஆளுதான்னு" என்று உழுது முடிக்கும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார். கிளம்பு, மதிய ரயிலுக்காவது போய்விடு என்று நைனா அண்ணாவை விரட்டினார். கடைசி உழவுச் சாலிலும் கொள்ளைப் போட்டுவிட்டுத்தான் அண்ணா கையைத் தட்டினார். போஸ்ட்மேன் கொல்லைக்கே வந்து அந்தக் கார்டைக் கொடுத்தார். அண்ணா அதை வாங்கிப் படித்துப் பார்த்து, மடித்து, தன் பையிலேயே வைத்துக்கொண்டு ரயிலுக்குக் கிளம்பினார்.

அன்றும் மறுநாளும் வெறும் காற்று. அம்மா காலிப் பானையைக் கழுவிக் கவிழ்க்காமல் அப்படியே வைத்திருந்தாள். மூன்றாம் நாள் பெய்தது. புயல் வடக்கே எங்கேயோ கரை ஏறிவிட்டதாம், அதன் முந்தானை மட்டும் நம்மேல் பட்டது. நைனா மண்ணில் கை விட்டுப் பார்த்தார். ஒரு உழவு. நிஜமான ஒரு உழவு, அக்கா. நான் எழுதிய மழை இதைவிட அழகாக இருந்தது.

அண்ணாவின் வேலை என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. கடிதம் வரவில்லை.

வள்ளி

*

சென்னை
13-11-1949

வள்ளிக்கு அண்ணா எழுதுவது. நான் சுகம். இந்தக் கவரில் இரண்டு தாள் இருக்கும். பெரியதை நைனாவுக்குப் படித்துக் காட்டு. இந்தச் சின்னது உனக்கு மட்டும்.

நான் திரும்பி வந்தபோது என் இடத்தில் வேறு ஆள் கயிறு பிடித்துக்கொண்டிருந்தான். புயல் ராத்திரியில் ஆள் குறைந்தால் அவர்கள்தான் என்ன செய்வார்கள்? மேஸ்திரி கோபித்துக்கொள்ளவில்லை. "உன் கடலை தப்பிச்சுதா?" என்று மட்டும் கேட்டார். தப்பிச்சுதுங்க என்று சொல்லிவிட்டேன். இப்போது அதே துறைமுகத்தில் நாள் கூலிக்கு மூட்டை தூக்குகிறேன். வேலை இருக்கிற நாளில் கூலி.

பெரிய தாளில் வேறு மாதிரி எழுதியிருக்கிறேன். நைனா எனக்காக இத்தனை மாதம் மழை பெய்ய வைத்தார். என்னால் முடிந்தது இது.

கொள்ளு முளைத்ததா? உள்ளதை எழுது.

வேதாசலம்

*

மேலத்தாங்கல்
22-11-1949

அண்ணாவுக்கு வள்ளி எழுதிக்கொண்டது. நைனாவுக்கு இரண்டு நாள் காய்ச்சல், இப்போது எழுந்து நடமாடுகிறார். அம்மாவுக்குக் கால் வீக்கம். எனக்குப் பசி. எல்லாம் உள்ளபடி.

பெரிய தாளைப் படித்துக் காட்டினேன். மேஸ்திரி உன்னை மன்னித்தார், முதுகில் தட்டிக்கொடுத்தார், தையில் நிரந்தரம் நிச்சயம் என்றார். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய், ஆனால் தட்டிக்கொடுத்தது கொஞ்சம் அதிகம். யாரும் அப்படித் தட்டமாட்டார்கள். படிக்கும்போது நைனாவின் முகத்தில் சந்தேகம் தெரிந்தது. அதனால் என் சரக்கைச் சேர்த்தேன், மன்னித்துக்கொள். நாலு பேருக்கு நடுவில் மேஸ்திரி உன்னை எருமை மாடே என்று திட்டியதாகவும், ஒரு வாரக் கூலியைப் பிடித்ததாகவும் படித்தேன். நைனா உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். "திட்டினாரா? அப்ப சரி. வேலையை வுட்டுத் தள்ளறவன் எதுக்குத் திட்டறான்" என்றார். அப்புறம் அந்தத் திட்டை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். ராத்திரி நன்றாகத் தூங்கினார்.

கொள்ளு முளைத்திருக்கிறது. எல்லா இடத்திலும் இல்லை, மேற்குப் பக்கம் திட்டுத் திட்டாக விட்டிருக்கிறது. கிழக்குப் பக்கத்தை எறும்பு கொண்டுபோய்விட்டது. முளைத்தது இரண்டு இலை விட்டு நிற்கிறது. கார்த்திகை முடிவதற்குள் இன்னொரு மழை கிடைத்தால் பானைக்குப் பானையாவது திரும்பி வரும். இல்லாவிட்டால் மாட்டுக்கு ஆகும், மாடு இருந்தால்.

"அடுத்த கூண்டு ஏத்தறப்ப ஒரு கார்டு போடச் சொல்லு, உரம் எடுத்து வெச்சிருக்கேன், மழைக்கு முன்னாடி தூவணும்" என்று நைனா சொல்லச் சொன்னார். சரி என்று எழுதிக்கொண்டேன். அண்ணா, கூண்டை இப்போது யார் ஏற்றினாலும் சரி. மூட்டையை இறக்கி வைக்கிறபோது ஒரு தடவை அண்ணாந்து பார். ஏறியிருந்தால் கார்டு போடு.

ஏறாவிட்டாலும் போடு.

வள்ளிநாயகி